ஓப்பன்உட்டாவில் ‘கொழுந்து’ ஊமையாவது ஏன்?

எழுதிய வரிகளைப் பாட வைக்கும் ஓப்பன்உட்டா மென்பொருளில் பழுதில்லை. அப்பாயி பாடிய கொழுந்துப் பாட்டை அதில் பாட வைத்தால் ‘கொ’ மட்டும் ஒலிக்கிறது, ‘ழுந்து’ மௌனம் என்கிறீர்கள். நீங்கள் போட்டது ஜப்பானியக் குரல் வங்கி, அதாவது ஒருவர் பேசிப் பதிந்த ஜப்பானிய அசைகளின் தொகுப்பு. அதில் ‘ழு’ பதிவாகவே இல்லை; இல்லாத அசையை எழுதினால் அந்த நோட்டு (இசைக் குறிப்பு) ஒலியில்லாமல் சும்மா ஓடிவிடும்.

முதலில் அந்த நோட்டில் ‘ரு’ (ru அல்லது る) போட்டுப் பாருங்கள். ஒலித்தால் காரணம் உறுதி. அப்புறம் கொ-ரு-ன்-தொ என்று நான்கு நோட்டாகப் பிரியுங்கள். கடைசி ‘தொ’வைக் குட்டையாக்கினால் காதுக்கு ‘து’ மாதிரி விழும். அசைகளை, வங்கியின் அசைப் பட்டியலான ஓட்டோ கோப்பில் (oto.ini) உள்ளபடியே எழுத வேண்டும். சிலதில் ரோமன் எழுத்து, பலதில் ஹிரகனா என்னும் ஜப்பானிய எழுத்து.

‘ரு’வும் ஒலிக்காமல், பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால், பாடகர் அமைப்பில் எழுத்துக் குறியாக்கத்தை ஷிஃப்ட்-ஜிஸ் (Shift-JIS, ஜப்பானிய எழுத்துக்கான குறியாக்கம்) ஆக்குங்கள்.

இன்னொன்று, இதை ‘வோக்கலாய்ட்’ என்று தேடாதீர்கள். அது யமஹாவின் தனி மென்பொருள், அங்கே கிடைக்கும் தீர்வு இதற்குப் பொருந்தாது. ‘எல்லாவற்றையும் வோக்கலாய்ட் என்று சொல்லாதே’ என்ற ரசிகர்களின் பெயர்ச் சண்டை எனக்கு அலுப்புத்தான், ஆனால் இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி.

எப்படி டியூன் செய்தாலும் அசல் ‘ழ’ வராது. இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பேச்சு அப்படியே வேண்டுமென்றால், வீட்டில் யாராவது ஒருவரின் குரலைப் பதிந்து சொந்த வங்கி செய்வதுதான் வழி.