பட்டறை மேனுவலுக்கு எந்த பைண்டிங் போடலாம்?

கேள்வி: பம்ப் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறோம். நாங்களே தயாரித்த மேனுவல், ஏ4 அளவில் 220 பக்கம். பத்து பிரதி வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சில பக்கங்கள் மாறும். ஸ்பைரல் போடலாமா, புத்தகம் மாதிரி ஒட்டிவிடலாமா?

பதில்: முழு மேனுவலுக்கு இரண்டுமே வேண்டாம். பக்கங்கள் மாறும் என்று சொல்லிவிட்டீர்களே, அப்புறம் பசை எதற்கு? ஒருமுறை நான் 40 பிரதிக்கு பர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது முதுகில் பசை வைத்து அட்டையோடு ஒட்டுவது, போட்டு வாங்கி, அடுத்த மாதமே ஓர் அட்டவணை மாறிப்போக, திருத்தச் சீட்டு வெட்டி ஒட்டியே இரண்டு நாள் போனது. தவிர, ஒட்டிய புத்தகம் மேஜையில் விரித்தபடி நிற்காது, கிரீஸ் கையோடு யார் அதை அழுத்திப் பிடிப்பது?

டி-ரிங் ஃபைல் வாங்குங்கள், அதாவது ஆங்கில D வடிவில் திறந்து மூடும் வளையங்கள் உள்ள ஃபைல். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் நூறு அடுக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும். இருபுறமும் அச்சடித்தால் உங்களுக்கு 110 தாள், பிரிவு அட்டைகளையும் சேர்த்தால் 14 மில்லிமீட்டர் போல ஆகும். 25 மில்லிமீட்டர் ரிங் எடுங்கள், தளும்பத் தளும்ப அடைத்த ஃபைலில் பக்கம் புரளாது. வட்ட ரிங்கில் தாள்கள் வளைவோடு சறுக்கிக் கோணலாக நிற்கும், டி-ரிங்கின் நேர்ப்பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி உட்காரும். இரண்டு துளையைவிட நான்கு துளை நல்லது, ஏனென்றால் இரண்டே துளையில் ஏ4 தாளின் மேலும் கீழும் பிடிப்பில்லாமல் ஆடி, துளை கிழிந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் துளை வரும் ஓரத்தில் 25 மில்லிமீட்டர் விடுங்கள், தாளின் பின்புறத்தில் அந்த ஓரம் வலப்பக்கம் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். பக்க எண்ணை 1 முதல் 220 வரை போடாமல், பிரிவு வாரியாக 3-1, 3-2 என்று போட்டால் நடுவில் ஒரு தாள் கூடினாலும் மற்றதைத் தொட வேண்டியதில்லை. அடியில் திருத்திய தேதி இருக்கட்டும்.

சரி, மெஷின் பக்கத்தில் தொங்கவிட பதினைந்து இருபது தாளில் ஒரு சுருக்கம் வேண்டுமா? அதற்கு பிளாஸ்டிக் ஸ்பைரல் போதும். வைரோ, அதாவது இரட்டைக் கம்பி வளையம் போட்ட பைண்டிங், பார்க்க அழகுதான், விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும், ஆனால் மேலே ஒரு ஸ்பேனர் விழுந்தால் கம்பி நசுங்கித் தாள் கழன்றுவிடும். பிளாஸ்டிக் சுருள் நசுங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும். வாங்கும்போது சுருளின் இரு முனையையும் கடைக்காரர் மடித்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், மடிக்காவிட்டால் அது சுழன்று சுழன்று தானாக வெளியே வந்துவிடும்.