ஐந்து பேர், பன்னிரண்டு நாள்: வாடகைக் கார் எடுக்கலாமா?

கேள்வி: வருகிற மே மாதம் குடும்பத்துடன் ஐரோப்பா செல்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், எழுபதைத் தாண்டிய மாமனார், மாமியார். ரோமில் இறங்கி, ஃப்ளோரன்ஸ், டஸ்கனி கிராமங்கள், வெனிஸ் பார்த்துவிட்டு, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் போய், சூரிச்சிலிருந்து திரும்புகிறோம். மொத்தம் 12 நாள். ரோம் விமான நிலையத்திலேயே கார் எடுத்து சூரிச்சில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். பெரியவர்களுக்கு அதுதான் வசதி, ஐந்து டிக்கெட் வாங்குவதைவிட மலிவு என்பது அவர் கணக்கு. எனக்கோ ரயிலே போதும் என்று தோன்றுகிறது. இருவரும் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். யார் சொல்வது சரி? கார் எடுத்தால் அவர் மட்டும்தான் ஓட்ட வேண்டுமா, நானும் ஓட்டலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: ஒன்பது நாள் நீங்கள் சொல்வது சரி, மூன்று நாள் அவர் சொல்வது சரி. கூட்டிக் கழித்து உங்கள் பக்கம் சாய்கிறேன் என்று அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று நாள்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி.

பயணம் முழுவதற்கும் சேர்த்துக் காரா, ரயிலா என்று கேட்பதால்தான் வீட்டில் வாக்குவாதம் முடியவில்லை. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊரையும் தனியே எடுத்து, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கார் என்ன செய்யப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ரோமில் அது கட்டணம் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும். ஃப்ளோரன்ஸிலும் அப்படியே. வெனிஸ் நகருக்குள் கார் போகவே முடியாது. நகர விளிம்பில் உள்ள பார்க்கிங் இடங்களான பியாஸாலே ரோமாவிலோ டிரான்கெட்டோவிலோ நிறுத்திவிட்டுப் படகு ஏற வேண்டும். இன்டர்லாக்கன் பக்கம் நீங்கள் பார்க்க நினைப்பவற்றில் பாதிக்குமேல் சாலையே இல்லாத இடங்கள். யுங்ஃப்ராயோக் என்ற பனிமலை உச்சிக் கணவாய்க்கு ரயிலில்தான் ஏற முடியும். வெங்கன், மூரென் இரண்டும் கார் இல்லாத மலைக் கிராமங்கள்; லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் காரை விட்டுவிட்டு ரயிலோ கேபிள் காரோ பிடிக்க வேண்டும். மலைக் கணவாய்களில் கார் ஓட்டும் ஆசை உங்கள் கணவருக்கு இருந்தால், மே மாதத்தில் ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயரமான கணவாய்கள் பெரும்பாலும் பனியால் மூடியே கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிப் பார்த்தால் கார் உண்மையில் வேலை செய்யும் இடம் டஸ்கனி கிராமங்கள் மட்டுமே. அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். பியென்ஸா, மொண்டால்சினோ, சான் குவிரிக்கோ ஆகிய ஊர்கள் உள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரயிலில் போனால் கியூசி நிலையத்தில் இறங்கி, மொண்டெபுல்சியானோவுக்கு பஸ் பிடிக்க வேண்டும். பஸ்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. இரண்டு கிராமம் பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும். அந்தப் பகுதியின் அழகும் ஊர்களுக்குள் இருப்பதைவிட ஊர்களுக்கு நடுவில்தான் அதிகம். மாலை வெயிலில் கோதுமை வயல் ஓரமாக நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு வண்டி கையில் இருக்க வேண்டும். ஓட்டுநருடன் ஒரு நாள் கார் அமர்த்திக்கொள்வதும் உண்டு. ஓட்டவே பயமாக இருந்தால் அதைச் செய்யுங்கள், ஆனால் அந்த மாலை நேரச் சுதந்திரம் அதில் கிடைக்காது.

ஆகவே ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு விரைவு ரயில். ஒன்றரை மணி நேரம்தான். ஃப்ளோரன்ஸ் பார்த்து முடித்த பிறகு கார். டஸ்கனியில் மூன்று இரவு. மீண்டும் ஃப்ளோரன்ஸிலேயே காரைக் கொடுத்துவிட்டு வெனிஸுக்கு ரயில். அதுவும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அங்கிருந்து மிலானில் மாறி சுவிட்சர்லாந்து. இப்படிச் செய்தால் நீண்ட விமானப் பயணம் முடிந்து தூக்கக் கலக்கத்துடன் ஸ்டியரிங் பிடிக்கும் ஆபத்தும் தானாகவே நீங்கிவிடுகிறது.

எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது முக்கியம். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் அந்தக் கட்டணம் சில சமயம் கார் வாடகையையே மிஞ்சிவிடும். ரோமில் எடுத்து சூரிச்சில் விடுவது என்ற திட்டத்தில் உங்கள் கணவரின் மலிவுக் கணக்கு முதலில் உடைவது இங்கேதான். இணையத்தில் பளிச்சென்று தெரியும் நாள் வாடகையை மட்டும் அவர் கூட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அதன்மேல் காப்பீடு, குழந்தை இருக்கை, பெட்ரோல், இத்தாலிய நெடுஞ்சாலைகளின் சுங்கம், ஒவ்வோர் ஊரிலும் பார்க்கிங் எல்லாம் ஏறும். இத்தாலியில் எடுத்த காரில் சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்குள் நுழைந்தால் 40 ஃபிராங்குக்கு ‘விக்னெட்’ எனும் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு வேறு; ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ தனியாகக் கிடையாது, ஆண்டு விக்னெட்தான் வாங்க வேண்டும். ரயில் பக்கமோ இத்தாலிய விரைவு ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் நன்றாகக் குறையும். சுவிட்சர்லாந்தில் பெற்றோர் பயண பாஸ் எடுத்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் ‘சுவிஸ் ஃபேமிலி கார்டு’ என்ற அட்டையின் பேரில் அவர்களுடன் இலவசமாகப் போகலாம். அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்களின் வசதி என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க முடியவில்லை. இத்தாலியின் பழைய நகரங்களில் விடுதி வாசல்வரை காரில் போகலாம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ரோம், ஃப்ளோரன்ஸ், சியெனா, பீசா என்று பல நகரங்களின் மையப் பகுதி ‘ஸோனா டிராஃபிக்கோ லிமிடாட்டோ’, அதாவது அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய பகுதி. தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்கமாட்டார்கள். சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் கேமரா இருக்கும். மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று பொருள். ‘அத்தீவோ’, அதாவது ‘நடப்பில்’, என்ற சொல்லைப் பார்த்துப் பாதை திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போகும் பயணிகள் ஏராளம். ‘நோன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் போகலாம். வழிகாட்டிச் செயலி சொன்னது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

வழி தவறி ஒரே பகுதிக்குள் மூன்று கேமராவைக் கடந்தால் மூன்று அபராதம் வரலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனம் முதலில் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுக்கும். பயணமே மறந்துபோன சமயத்தில் அபராதக் கடிதம் வீடு தேடி வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. கார் நிறுவனம் எடுத்தது அபராதம் அல்ல, வெறும் அலுவலகக் கட்டணம். பலர் இரண்டும் ஒன்றென்று எண்ணிக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இதனால்தான் காரை ஃப்ளோரன்ஸ் நகருக்குள் எடுக்க வேண்டாம், விமான நிலையத்தில் எடுங்கள் என்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து டிராம் நேராக அங்கே போகிறது. பெட்டிகள் அதிகம் என்றால் டாக்சி. விமான நிலையக் கட்டணம் கொஞ்சம் கூடும், அபராதத்தைவிடக் குறைவு. நகருக்குள் இருக்கும் கார் அலுவலகங்கள் மதியமும் ஞாயிறும் மூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது இன்னொரு காரணம். டஸ்கனியில் விடுதி பார்க்கும்போது பழைய ஊர் மதிலுக்கு வெளியே, சொந்தப் பார்க்கிங் உள்ளதாக, முடிந்தால் தரைத்தளத்தில் அறை உள்ளதாகப் பாருங்கள். மொண்டெபுல்சியானோ செங்குத்தான ஊர், மாமியாரின் முழங்காலைச் சோதிக்கும். பியென்ஸா ஏறக்குறைய சமதளம். பெரியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

கார் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து இருக்கைக் கார் என்றால் ஐந்து பேர் உட்காரலாம் என்றுதான் பொருள், ஐந்து பேரின் பெட்டிகளுக்கு டிக்கியில் இடம் இருக்கிறது என்பதல்ல. அதற்காக ஏழு இருக்கை வேன் எடுத்தால் கிராமத்துச் சந்துகளில் திண்டாட்டம். நீண்ட டிக்கி உள்ள ஸ்டேஷன் வேகன் வகையைக் கேளுங்கள். எப்படியும் ஃப்ளோரன்ஸுக்குத்தான் திரும்பி வருகிறீர்கள், பெரிய பெட்டிகளை மூன்று நாள் அங்குள்ள ஹோட்டலில் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்றால் இப்போதே பதிவு செய்ய வேண்டும்; அவை அங்கே எண்ணிக்கையில் குறைவு, வாடகையும் கூடுதல். வலப்பக்கம் ஓட்டுவது புதிது என்பதால் கூடுதல் பணம் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக்கே எடுங்கள். சாலையில் கவனம் வைக்க வேண்டிய நேரத்தில் வலது கையால் கியரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மகளின் உயரம் 150 சென்டிமீட்டருக்குக் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே அவளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். நாள் வாடகைக்கு அதை எடுப்பதைவிட குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் மடக்கக்கூடிய பூஸ்டர் இருக்கை ஒன்றைக் கையோடு கொண்டுபோவது மேல்.

வலப்பக்கம் ஓட்டுவதற்குப் பலர் நினைக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. போக்குவரத்து நிறைந்த சாலையில் முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். தவறு நடப்பது காலி சாலையில், எங்காவது நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும் அந்த முதல் நிமிடத்தில். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் “வலது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் இந்த வேலையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வாள். ரவுண்டானாவில் வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இத்தாலியில் நுழைவாயிலில் தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் உள்ளே இருப்பவருக்கு முதலிடம். நெடுஞ்சாலை வேகம் 130, மழையில் 110. இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகத்தை அளக்கும் கருவிகளும் உண்டு, எனவே கேமராவைக் கண்டு பிரேக் போடும் சாமர்த்தியம் உதவாது. சுங்கச் சாவடியில் மஞ்சள் நிற ‘டெலிபாஸ்’ (மின்னணுக் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது) வரிசைக்குள் மட்டும் போய்விடாதீர்கள்.

இனி காகிதங்கள். ஓட்டுநர் உரிமம் வழங்கிய நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்க வேண்டும், இத்தாலி போய் வாங்க முடியாது. அசல் உரிமம் இல்லாமல் அது வெறும் காகிதம். கார் கொடுப்பவர் கேட்காமல் விட்டாலும் சாலையில் போலீஸ் கேட்கலாம். கிரெடிட் கார்டு, காரைப் பதிவு செய்யும் முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் கார் கிடைக்காமல் போவதும் உண்டு, கட்டிய பணமும் திரும்பாது.

அந்தக் கார்டில் பிணைத் தொகையாக ஒரு பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். காரணம், வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் சேதத்தின் முதல் பகுதி உங்கள் பொறுப்பு. இது ஆயிரம் யூரோவும் அதற்கு மேலும் இருக்கும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல சமயம் காப்பீட்டுக்குள்ளேயே வராது. வரிசையில் களைத்து நிற்கும்போது கவுண்ட்டரில் முழுக் காப்பீட்டை விற்கப் பார்ப்பார்கள், விலை அதிகம். அதே பொறுப்புத் தொகைக்கு வெளியே தனிக் காப்பீடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் சேதம் என்றால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு ரசீது அனுப்பித் திரும்பப் பெற வேண்டும், பிணைத் தொகையும் முடங்கத்தான் செய்யும். உங்கள் குடும்பத்தில் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யாருக்கும் இல்லை என்றால் கவுண்ட்டரிலேயே வாங்குங்கள், மூன்று நாள்தானே. எதை வாங்கினாலும் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் காரைச் சுற்றிவந்து வீடியோ எடுங்கள், சக்கரங்களையும் சேர்த்து. வாடகை நாள் என்பது 24 மணி நேரம். பத்து மணிக்கு எடுத்ததைப் பதினொன்றரைக்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை விழக்கூடும்.

நீங்களும் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் உங்கள் பெயரும் ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராக ஏற வேண்டும், உங்களுக்கும் தனியே சர்வதேச அனுமதி வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது ஏதாவது நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். கூடுதல் ஓட்டுநர் கட்டணத்தைச் செலவு என்று பார்க்காமல் கட்டிவிடுங்கள். வால் தோர்ச்சாவின் வளைவுகளில் ஓட்டுபவருக்கு அடுத்த வளைவைத் தவிர வேறொன்றும் தெரியாது. உங்கள் கணவரும் ஒரு நாளாவது சன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வரட்டும்.