வேலையில் நாய் கடித்தால் செலவு யாருடையது?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் செல்லப்பிராணி கிளினிக்கில் மூன்று ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். பிளஸ் டூ படித்தவள். சம்பளம் 14,500 ரூபாய். டாக்டருக்கு இரண்டு கிளைகள். எல்லாருமாகச் சேர்ந்து 12 பேர். போன வாரம் டிரிப்ஸ் ஏற்ற ஒரு நாயைப் பிடித்திருந்தபோது கையில் ஆழமாகக் கடித்துவிட்டது. அது தடுப்பூசி போட்ட நாயா என்று தெரியவில்லை. கொண்டுவந்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன், மூன்றாவதுக்கு லீவு தரவில்லை. செலவைக் கேட்டால் டாக்டர், "மசில் (நாயின் வாய்க்கூடு) போடாமப் பிடிச்சது உன் தப்பு" என்கிறார். வேலையில் சேரும்போதே, விலங்கால் ஏற்படும் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கியிருக்கிறார். அவர் வெளியூர் போனால் நாய்களுக்குத் தடுப்பூசியை என்னையே போடச் சொல்வார். சான்றிதழில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருப்பார். "புகார்னு போனா ஊசி போட்டது நீதான்னு சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறார். நான் நர்ஸும் இல்லை. எனக்குச் சட்டத்தில் இடம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, சட்டத்தைப் பிறகு பார்ப்போம். மூன்றாவது ஊசிக்கு இன்றே போங்கள். லீவு கிடைக்காவிட்டாலும் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள் என்பதே கணக்கு. நாள் தள்ளிப்போயிருந்தாலும் மிச்சத்தை எப்படி முடிப்பது என்று மருத்துவர் சொல்வார். கடி ஆழம் என்கிறீர்கள். காயத்துக்குள்ளேயே செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் உங்களுக்குப் போடப்பட்டதா என்று கேளுங்கள். முதல் ஊசி போட்ட ஏழு நாட்களுக்குள் போட வேண்டியது அது, அதனால் நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

அங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓ.பி. சீட்டில் வெறுமனே "நாய்க்கடி" என்று எழுத விடாதீர்கள். "பணியிடத்தில், சிகிச்சைக்கு வந்த நாயைப் பிடித்திருந்தபோது கடித்தது" என்று எழுதச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏற்றினால் ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள். தெருவில் கடித்தது என்று நாளைக்கு யாரும் கதையை மாற்ற முடியாது.

"நான் நர்ஸும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் கால்நடை செவிலியருக்குப் பதிவேடு உண்டு, அவர் எதைச் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. இது பெரிய குறை, சரிசெய்யப்பட வேண்டியது. ஆனால் பணியிடக் காயத்துக்கான சட்டம் உங்கள் பட்டத்தைக் கேட்பதில்லை. அது கேட்பது, காயம் வேலையின்போதும் வேலை காரணமாகவும் ஏற்பட்டதா என்பதைத்தான்.

முதலில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது பொருந்தும். ஒரே உரிமையாளரின் கிளைகளைச் சேர்த்தே ஆட்களை எண்ணுவார்கள். உங்கள் 12 பேர் கணக்கு அதனால்தான் முக்கியம். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். டாக்டர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் பாரம் உங்கள் தலையில் விழாது. உங்களுக்குரிய பலனை இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கவே சட்டத்தில் வழி இருக்கிறது. வேலைக்காயத்தால் வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். கோவையிலுள்ள இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ. பொருந்தாது என்று முடிவானால் அடுத்த வழி ஊழியர் இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பது இதில் உள்ளது. இரண்டாம் அட்டவணையில் சொல்லப்பட்ட வேலை வகை ஒன்றுக்குள் உங்கள் வேலை வருகிறது என்று காட்ட வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பதும் அங்கேதான். நமக்குக் கை கொடுப்பது மூன்றாம் அட்டவணை. தொழில்வழி நோய்கள் பட்டியலின் முதல் இனத்திலேயே, கால்நடை மருத்துவப் பணியாலும் விலங்குகளைக் கையாள்வதாலும் வரும் தொற்றுநோய்கள் வெளிப்படையாக இருக்கின்றன. எலிக் காய்ச்சல், விலங்குகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் போன்றவற்றுக்கும் இது உதவும். இந்த வரியைத் தெரிந்து வைத்திருக்கும் கிளினிக் ஊழியரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

மசில் விஷயத்துக்கு வருவோம். கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி இழப்பீட்டிலிருந்து நழுவ முடியாது. அப்படி நழுவ, ஊழியர் போதையில் இருந்திருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புக்கென்று தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கியிருக்க வேண்டும். அப்போதும்கூட, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இந்தச் சாக்கு எடுபடாது. உங்கள் கிளினிக்கில் எல்லா அளவிலும் மசில் இருக்கிறதா? பெரிய நாயை இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்று யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் எந்த உத்தரவை நீங்கள் மீறினீர்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

சேரும்போது எழுதி வாங்கிய தாள் செல்லாது. வேலைக்காயத்துக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எந்த ஒப்பந்தம் போட்டாலும், முத்திரைத்தாளில் போட்டாலும், அந்த அளவுக்கு அது வெற்றுத்தாள். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள்.

நாய்களுக்கு நீங்கள் ஊசி போட்டது பற்றி உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யாரும் சிகிச்சைத் தொழில் செய்யக் கூடாது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு பணிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. உரிய டிப்ளமோ அல்லது சான்றிதழ் உள்ளவர்கள், மாநில அரசு அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். உங்களுக்கு அந்தச் சான்றிதழும் இல்லை, அவர் ஊரில் இல்லாதபோது மேற்பார்வையும் இல்லை. ஆகவே இன்றோடு நிறுத்துங்கள். "நீங்கள் இல்லாதபோது ஊசி போட எனக்கு அனுமதி இல்லை, தயவுசெய்து போடச் சொல்லாதீர்கள்" என்று மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்.

அவர் மிரட்டலோ அவரையே சுடும். தானே போடாத ஊசிக்கு முன்கூட்டியே கையெழுத்திட்ட சான்றிதழ் தருவது தொழில் ஒழுங்கு மீறல். 1992ஆம் ஆண்டு ஒழுக்க நெறி விதிமுறைகள் அவருக்குப் பொருந்தும். தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றம் அவரது பதிவின் மேலேயே நடவடிக்கை எடுக்க முடியும். இதைத் தாள் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. அந்தச் சான்றிதழை நம்பித்தான் ஒரு குடும்பம் குழந்தையை நாயோடு விளையாட விடுகிறது. ஊசி சரியாகக் குளிர்பதனத்தில் இருந்ததா, நோயுற்ற நாய்க்குப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. உங்களைக் கடித்த நாய்க்கே இப்படி ஒரு சான்றிதழ் இருந்திருந்தால் அதை எவ்வளவு நம்புவீர்கள்?

பழைய செய்திகள், "நீயே போட்டுடு" என்ற குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. மூலக் கருவி உங்கள் கையில் இருந்தால் அது சுலபம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை நிறுவனங்களுக்கும் பொருந்தும். கழிவைக் கையாளும் ஊழியருக்குக் கையுறை முதலான பாதுகாப்பு, சேரும்போதும் ஆண்டுதோறும் பயிற்சி, ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி எல்லாம் நிர்வாகத்தின் கடமை. ஊசி முனைகளை மூடி திரும்ப மாட்டாமல், குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமல் கிளினிக் நடத்தவே முடியாது. அதனால் வாரியத்துக்கு எழுதும் ஒரு கடிதம் பல டாக்டர்களை வக்கீல் நோட்டீஸைவிட வேகமாக அசைக்கும்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஓ.பி. சீட்டு, மருந்து பில்கள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், பணியில் இருந்ததைக் காட்டும் படங்கள் ஆகியவற்றோடு போங்கள். சமாதானம் பேசலாம் என்று அவர் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம். ராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்துப் போடவும் வேண்டாம்.