ஃபிளாரன்ஸுக்கு மூன்று நாள் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

வரும் மே மாதம் மனைவியுடன் ஐரோப்பா போகிறேன். பத்து நாளில் பாரிஸ், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் என்று திட்டம். முன்பு அலுவலக வேலையாகப் பாரிஸ் போனபோது லூவர் அருங்காட்சியகத்தில் அரை நாள் சுற்றினேன். மோனாலிசா முன்னால் கூட்டத்தில் முண்டியடித்து ஒரு படம் எடுத்தேன். கால் வலித்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஓவியம் பற்றி ஒன்றும் படிக்காதவர்கள் இந்த இடங்களுக்குப் போவதில் பயன் உண்டா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உண்டு. படிக்காதது உங்களுக்குத் தடையே அல்ல. லூவரில் உள்ளவை பல நாடுகளிலிருந்து, பல நூற்றாண்டுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. அரை நாளில் அங்கே யாருக்கும் எதுவும் பிடிபடாது.

வெனிஸை இம்முறை விட்டுவிடுங்கள். அந்த நாட்களையும் ஃபிளாரன்ஸுக்கே கொடுங்கள். அங்கே வரைந்தவற்றில் நிறைய இன்றும் அங்கேயே இருக்கிறது. ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, குடும்பத்தின் கலைச்செல்வங்கள் எதுவும் நகரை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1737இல் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அந்தப் பெண்மணிக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அங்குள்ள உஃபிசி அருங்காட்சியகத்தில் நுழைந்ததும், புகழ்பெற்ற ஓவியர் பாட்டிச்செல்லியின் படங்களைத் தேடி ஓடாதீர்கள். தொடக்கத்திலேயே ஓர் அறையில் மூன்று பெரிய மேரி ஓவியங்கள் இருக்கின்றன. சிமாபுவே, தூச்சோ, ஜோத்தோ வரைந்தவை. மூன்றிலும் பொன் பின்னணி, அரியணை, மடியில் குழந்தை, சுற்றிலும் தேவதைகள். சிமாபுவேயின் மேரி உடுத்திய துணியின் மடிப்புகள் பொற்கோடுகளாக ஓடுகின்றன. அழகுதான், ஆனால் துணிக்குள் உடல் இருப்பது தெரியாது. ஜோத்தோவின் மேரியைப் பாருங்கள். முழங்கால்கள் துணியை முன்தள்ளுகின்றன. அவள் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாள், உடலுக்கு எடை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரம் மாறி மாறிப் பாருங்கள். என்ன நடந்தது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். அதற்குப் புத்தகம் வேண்டாம்.

மறுநாள் ஆற்றைக் கடந்து கார்மினே தேவாலயத்தின் பிரன்காச்சி சிற்றாலயத்துக்குப் போங்கள். 27 வயதுகூட ஆகாமல் 1428இல் இறந்துபோன மசாச்சோவின் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ஏதேனிலிருந்து விரட்டப்படும் ஆதாம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான். ஏவாள் வாய்விட்டு அழுகிறாள். அவர்களின் காலடியில் விழும் நிழலைக் கவனியுங்கள். பலிபீடத்துக்குப் பின்னுள்ள நிஜ ஜன்னலின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதே பக்கமிருந்துதான் ஓவியத்துக்குள்ளும் வெளிச்சம் விழுகிறது. இதைப் பெயர்த்தெடுத்து வேறொரு கூடத்தில் மாட்டினால் பாதி உயிர் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சான் மார்கோ மடம். படியேறி மேலே வந்ததும் எதிரே மேரிக்குத் தேவதை செய்தி சொல்லும் காட்சி. அதன் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட துறவியர் அறைகள். அறைக்கு ஒரு சிறு ஜன்னல், ஒரு சுவரோவியம். அதே மடத்தைச் சேர்ந்த துறவியான ஃப்ரா ஆஞ்சலிகோவும் அவருடைய உதவியாளர்களும் 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்தவை. ஒவ்வொன்றும் அந்த அறையில் வாழ்ந்து ஜெபித்த ஒரே ஒருவருக்காக வரைந்தது. அதனால் நீங்களும் மனைவியும் ஆளுக்கோர் அறையில் தனியாக நில்லுங்கள், போனை வெளியே எடுக்காமல்.

உஃபிசிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பிரன்காச்சியில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். சான் மார்கோவுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. திரும்பி வந்ததும், ஜோத்தோவின் மேரி உங்கள் மனைவிக்கு எப்படித் தோன்றினாள் என்று எழுதுங்கள்.