கேளுங்கள், சொல்கிறேன்: நாவலில் ஓடியது, படத்தில் உட்கார்ந்தது

கேள்வி: 'டாவின்சி கோட்' நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். படம் பார்க்க உட்கார்ந்தால் கொட்டாவி வருகிறது. கதை அதேதானே, எங்கே கோளாறு?

பதில்: நாவலில் பாதி வேலையை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார் டான் பிரவுன். லூவர் அருங்காட்சியகத்தில் செத்துக் கிடக்கும் காப்பாளர் தரையில் 13-3-2-21-1-1-8-5 என்று எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசிக்கலாம். வரிசைப்படுத்தினால் 1, 1, 2, 3, 5, 8, 13, 21. அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வருகிறது. பள்ளியில் படித்த ஃபிபனாச்சி வரிசை! கதாநாயகி சோஃபி சொல்வதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. படத்தில் யோசிக்க யார் நேரம் தருகிறார்கள்? எழுத்துப் புதிர் வரும்போது கதாநாயகன் லாங்டனாக வரும் டாம் ஹாங்க்ஸ் முறைத்துப் பார்க்கிறார், எழுத்துகள் மின்னுகின்றன, விடை வந்துவிடுகிறது. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் எழுதுவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, நாவலில் 105 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், முடிகிற இடத்தில் ஒரு கொக்கி. 'மீதி நாளைக்கு' என்று மூடி வைக்க விடாது. 149 நிமிடப் படத்தில் அந்தக் கொக்கிகளைத் தொங்கவிட இடமில்லை. மிஞ்சுவது விளக்கவுரை. இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் திருமணமாகி வாரிசு உண்டு என்பதுதான் கதையின் ரகசியம். ஆராய்ச்சியாளர் லீ டீபிங்கின் மாளிகையில் மகதலேனா மரியாள், 'இறுதி இராவுணவு' ஓவியம், பழங்காலத் திருச்சபை மாநாடான நைசியா சங்கம் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். நாவலில் அது யாரோ காதில் ஓதும் ரகசியம். படத்திலோ வகுப்பறை. நடுவே என் வீட்டம்மா, "இவங்களைத் தேடிக்கிட்டிருந்த போலீஸ் எங்கேங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சியை ஒற்றை ஆளாக இழுத்துச் செல்பவர் டீபிங்காக வரும் இயன் மெக்கல்லன்தான். இதெல்லாம் எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தே ரசித்து நடித்திருக்கிறார்.

திரைக்கதை எழுதிய அகிவா கோல்ட்ஸ்மேன் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். நாவலில் டீபிங்கும் லாங்டனும் சேர்ந்தே பாடம் நடத்துவார்கள். படத்தில் லாங்டன் அவரை மறுத்துப் பேசுகிறார். திருச்சபையைச் சமாதானப்படுத்தத்தான் இந்த மாற்றம் என்றார்கள். இருக்கட்டுமே, ஒருவர் சொல்ல ஒருவர் மறுத்தால்தானே காட்சிக்கு உயிர்?

கடைசியில், இயேசுவின் வாரிசு என்று தெரியவரும் சோஃபி தண்ணீர்மேல் ஒரு காலை வைத்துப் பார்த்து, நடக்க வரவில்லை என்று கிண்டலடிக்கும் இடமும் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: படத்தில் வருவது நிஜமான லூவர்தானா?

பதில்: நிஜம்தான். இரவில் படம்பிடிக்க விட்டார்கள். ஆனால் மோனாலிசாமேல் விளக்கு அடிக்கக் கூடாது என்றதால், படத்தில் இருப்பது நகல். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம், கதையின் இறையியல் சரியில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. படக்குழு லிங்கன் பேராலயத்துக்குப் போய், ஒரு லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்து அங்கே எடுத்தது. ஒரு கன்னியாஸ்திரீ வெளியே முழந்தாளிட்டு மணிக்கணக்கில் ஜெபம் செய்து எதிர்ப்புத் தெரிவித்தார். பேராலயத்தின் தலைமைக் குருவோ, கதை சுத்தப் பிதற்றல், அதற்காக விவாதத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை என்றார். எனக்கு இருவர்மேலும் மரியாதைதான்.

கேள்வி: நாவலின் தொடக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்புப் போட்டிருக்கிறதே?

பதில்: அந்தப் பக்கமும் கதைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீயோன் மடம் 1099இல் தொடங்கிய ரகசிய அமைப்பு என்கிறது அது. அந்தப் பெயரில் ஒரு சங்கத்தை 1956இல் பதிவு செய்தவர் பியர் பிளாண்டார் என்கிற பிரெஞ்சுக்காரர். பழைய ஆவணங்கள் என்று பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்ப்பிக்கப்பட்டவை போலி. கதையில் வரும் ஓபஸ் தேய் என்ற கத்தோலிக்க அமைப்பு உண்மையானது, 1928இல் ஸ்பெயினில் தொடங்கியது. ஆனால் அதில் துறவிகளே கிடையாது. கொலைகாரன் சைலஸுக்குத் துறவி அங்கி தைத்துக் கொடுத்தது டான் பிரவுன்!

கேள்வி: இந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்களாமே?

பதில்: ஆமாம், 2006இல். இந்தியாவுக்கே தாமதமாகத்தான் வந்தது. மத்திய அமைச்சர் பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி கத்தோலிக்கப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அப்புறம், இது முழுக்கக் கற்பனை என்கிற அறிவிப்போடு 'ஏ' சான்றிதழ் கிடைத்தது. அப்படியும், அமைதி கெடும் என்று தமிழக அரசு தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அதை ரத்து செய்தார். ஆந்திரத்திலும் இதே கதைதான். மிரட்டலுக்குப் பயந்து படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பதுதான் அரசின் வேலை என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் நம் ஊர்ப் படம்தான். ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது.

கேள்வி: அடுத்து வந்த படங்களைப் பார்க்கலாமா?

பதில்: 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' (2009) பாருங்கள். மணிக்கு ஒரு கார்டினல் சாகப்போகிறார் என்று கடிகாரம் ஓடுகிறது, யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமில்லை. 'இன்ஃபெர்னோ' (2016)? வெளியே மழை, கையில் வேறு புத்தகமும் இல்லை என்றால் பார்க்கலாம்.