கொறங்காட்டில் டவர்: ரசீதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. உயர் அழுத்த மின்பாதைக்காக நடுக்காட்டில் டவர் நட்டு, வெள்வேல மரங்களை வெட்டினார்கள். மரத்துக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கினார்கள். “நிலம் உங்க பேர்லதானே இருக்குது, பயிரும் இல்லை, அப்புறம் எதுக்கு இழப்பீடு?” என்கிறார்கள். இரண்டு வருடம் ஆகப்போகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

டவரையே எடுக்கச் சொல்லும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பவர்கிரிட் போன்ற அரசு நிறுவனங்களுக்கு, 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 164 வழியாக, 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் கிடைக்கின்றன. நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும், மின்பாதைகளுக்கு மட்டும் அந்தப் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்கிறது.

அந்த மூன்றாம் பகுதியில் உள்ள பிரிவு 10 உங்கள் பக்கம் நிற்கிறது. நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். விளைந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். ஆகவே நிலம் உங்கள் பெயரில் இருப்பது இழப்பீட்டை மறுக்கக் காரணமே ஆகாது. நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது, அதனால் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று லிவிஷா வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் கூறியது. மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல் டவர் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் சொல்கிறது. அதை நீதிபதி முன் எடுத்துக்காட்டலாம்.

‘பயிர் இல்லை’ என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்றுதானே நம் மாடுகளும் ஆடுகளும் வளர்கின்றன! டவர் சாமான் ஏற்றிவந்த வண்டி கிளுவை வேலியை உடைத்திருந்தால் அதுவும் சேதம்தான். அந்த வேலி திரும்ப எழும்ப வருடக்கணக்காகும். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ‘தரிசு’ என்றிருந்தாலும் மலைக்க வேண்டாம். மேய்ச்சலுக்குக் குத்தகை விட்ட சீட்டு, சொசைட்டி பால் அட்டை, பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சி எல்லாம் உதவும். வெட்டிய மரங்களின் தூர் இன்னும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். மழைக்குப் பின் புதர் மூடினால் கண்டுபிடிப்பது சிரமம்.

மரத்துக்கான ரசீதில் கையெழுத்துப் போட்டதால் நிலத்துக்கான உரிமை போய்விடாது. ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வாதம் கொஞ்சம் கடினம்.

தொகை போதாது என்று தந்திச் சட்டம் பிரிவு 16(3)-ன் கீழ் திருப்பூர் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போட வேண்டும். கலெக்டர் ஆபீசுக்கு நடந்துகொண்டே இருந்தால் காலம்தான் போகும். இந்த மனுவுக்குக் காலவரம்பு 3 ஆண்டுகள் என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே தீர்த்துவிட்டது. உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு வருடம்தான். ரசீது நகல், சிட்டா, டவர் இருக்கும் இடத்தைக் குறித்த எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடம் இவற்றோடு இந்த மாதமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.