60-இல் உதறும் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸை இறக்கும் முன்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காருக்கு வயது 14. ஓடியது 1,30,000 கிலோமீட்டர். 60–70 வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது இரண்டு மூன்று விநாடிக்கு வண்டி உதறுகிறது. ‘கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும்’ என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. நீங்கள் சொன்ன வேகமும் லேசான மிதியும்தான் முக்கியமான துப்பு. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது அந்த நிலையில்தான். கியர்பாக்ஸ் ஆயிலில் உராய்வைச் சீராக வைக்கும் சேர்மானம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சூடு பட்டு அது தேய்ந்துவிட்டால், கிளட்ச் வழுவழுவென்று பிடிக்காமல் விநாடிக்குப் பலமுறை பிடித்துப் பிடித்து விடும். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுகிறதே, அதே கதைதான்.

முதலில் அதை உறுதி செய்யுங்கள். காலியான சாலையில், பின்னால் வண்டி வராதபோது, உதறல் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை எடுக்காமலே இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரியும் அளவு போதும். லாக்-அப் விடுபட்டு ஆர்பிஎம் சற்று ஏறும். அந்தக் கணமே உதறல் நின்றால் சந்தேகம் லாக்-அப் மேல்தான். ஆனாலும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். லாக்-அப் பிடித்திருக்கும்போது இன்ஜினின் சின்ன மிஸ்ஃபயர்கூட (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) வண்டி முழுக்கத் தெரியும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறினால் பிளக், காயில் பக்கம் போங்கள். நின்ற இடத்திலிருந்து நகரும்போது மட்டும் குலுங்கினால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்களைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில். கொஞ்சம் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். பழுப்பாக இருந்தால் பழசு, அவ்வளவே. பால் கலந்தது போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. அது கிளட்ச் தகட்டின் பசையையே கரைத்துவிடும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

பழசு மட்டும்தான் என்றால் மாற்றுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் முழு ஆயிலும் வராது, கன்வெர்ட்டரிலும் மற்ற இடங்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர், இறங்குவது 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை மாற்றினால் புது ஆயில் 37.5 சதவீதம்தான். இரண்டாம் முறை 61, மூன்றாம் முறை 76. ஒருமுறை மாற்றிவிட்டு ‘சரியாகவில்லையே’ என்று கைவிடாதீர்கள். நடுவில் 200–300 கிலோமீட்டர் ஓட்டி, மூன்று முறை செய்யுங்கள். அழுத்தத்தில் தள்ளும் ஃப்ளஷ் மெஷின், பழைய கியர்பாக்ஸுக்கு வேண்டாம். அடியில் படிந்த கசடைக் கிளப்பி, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் கொண்டுபோய்விடலாம்.

ஊற்றும் வழியின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே டிரெயின் போல்ட்டைத் தொடுங்கள். வாஷர் புதிதாகப் போடுங்கள். இறங்கியதை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். ஆயில் பான் என்ற அடித்தட்டைக் கழற்றும் வசதி இருந்தால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறக் குழைவு இயல்பானது, விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் இயல்பல்ல. ஆயில் கம்பி இருந்தால் கையேடு சொல்லும் சூட்டில், அது சொல்லும் முறைப்படி (பெரும்பாலும் இன்ஜின் ஓடும்போது) அளவு பாருங்கள். கம்பி இல்லாத வண்டிகளில் அளவு போல்ட் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பல மாடல்களில் அப்போது ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு ஏறிப் பார்த்தால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், உள்ளே இருப்பது குறைந்துவிடும்.

‘எல்லா வண்டிக்கும் ஆகும்’ என்ற ஆயிலை வாங்காதீர்கள். கையேட்டில் உள்ள தரக்குறியீடு டப்பாவிலும் இருக்க வேண்டும். கியருக்குப் பதில் பெல்ட்டில் இயங்கும் சிவிடி வண்டியில், சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான ஆயிலான ஏடிஎஃப்பை ஊற்றினால் பெல்ட்டே போய்விடும்.

மூன்றாவது மாற்றலுக்குப் பிறகு, ஸ்கேனரில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகக் கற்க வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்து, 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உதறினால் லாக்-அப் பிடித்த நிலையில் ஸ்லிப் ஆர்பிஎம் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சுழற்சியில் உள்ள வித்தியாசம்) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அது நிலையில்லாமல் ஆடி, கியர் மாறுவது மட்டும் சுத்தமாக இருந்தால், லாக்-அப்பை இயக்கும் மின் வால்வான சோலினாய்டையும் சோதித்துவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் மாற்றக் கேளுங்கள். அதற்கும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை.